மேல்பட்டாம்பாக்கத்தில் இறங்கினோம்

ஊசி போடுவது எப்படி, குழந்தைக்கு எடை பார்ப்பது எப்படி, பிள்ளை பெற்றவளைப் பத்தியச் சாப்பாட்டிலிருந்து நல்ல சாப்பாட்டுக்குக் கொண்டுவருவது எப்படி என்றெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். பஸ்ஸை விட்டு எப்போது இறங்க வேண்டும் என்று யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். நான் இன்று அதை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். எனக்குப் பிரசங்கம் வராது. கோபம் வரும், கதை வரும், அவ்வளவுதான்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நெய்வேலி டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில் ஹெல்த் விசிட்டராகச் சேர்ந்தேன். இன்றைக்கு உங்களுக்கு நிழல் தருகிற மரமெல்லாம் அன்றைக்கு முள்வேலிக்குள் முழங்கால் உயரம் நின்றன. சில பிளாக்குகளில் ஆட்கள் குடிவந்துவிட்டார்கள், சில பிளாக்குகளில் சுவர் மட்டும்தான் இருந்தது. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த எனக்கு அந்தச் செம்மண் புழுதியில் வெள்ளைப் புடவையை வெள்ளையாக வைத்திருப்பதே பெரிய உத்தியோகமாக இருந்தது. குவார்ட்டர்ஸ் வீடுகள் மட்டுமல்லாமல் பக்கத்துக் கிராமங்களும் என் பொறுப்பில் இருந்தன. வடக்குத்து அதில் ஒன்று.

எங்களுக்கு மேலே ஒரு மூத்த சிஸ்டர் இருந்தார். பெயர் வேண்டாம், அவருக்கே பிடிக்காது. யாராவது ஒரு வீட்டில் சண்டை போட்டுவிட்டு மூச்சிரைக்க வந்து நின்றால் அவர் ஒரே கேள்விதான் கேட்பார்: "நீ ஜெயிக்கப் போனியா, வேலையை முடிக்கப் போனியா?" அந்தக் கேள்வியை அதிகம் வாங்கியவள் நான் என்பதை இங்கே பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

ஒரு நாள் காலையில் வடக்குத்தில் அஞ்சலை என்ற பெண்ணைப் பார்க்கப் போனேன். அவளுக்கு ஆண்குழந்தை பிறந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. தெருமுனையில் திரும்பினால் அவள் வீட்டு வாசலில் ஆண்கள் கூட்டம். தலையில் துண்டு, கையில் தூக்குச்சட்டி, யாரும் பேசவில்லை. பிள்ளைக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

பார்த்தால் ஒரு துக்கமும் இல்லை. வாசற்படியில் நாலு வயசுப் பெண்குழந்தை ஒன்று கையில் பிஸ்கட்டோடு உட்கார்ந்திருந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவராக அதன் முன்னால் குனிந்து, முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிட்டு, திருப்தியாக ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அது அஞ்சலையின் மூத்த பெண் பூங்காவனம். அவளுக்கு இடது கண் மூக்குப் பக்கமாகச் சாய்ந்திருந்தது. மாறுகண் அதிர்ஷ்டம் என்று நம் ஊரில் சொல்வது உங்களுக்கும் தெரியும். ஆனால் அந்த அதிர்ஷ்டத்துக்கு வரிசை நின்றதை நான் அங்கேதான் பார்த்தேன்.

கதை இதுதான். கைக்குழந்தையாக இருந்தபோது பூங்காவனத்துக்குக் கண் நேராகத்தான் இருந்ததாம். ஓடியாடும் வயதில் சாயத் தொடங்கியது. அதே சமயத்தில்தான் அவள் அப்பா கலியமூர்த்திக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை கிடைத்தது. அதுவரை அந்தக் குடும்பத்தில் எல்லாரும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள். பிறகு அவரோடு வேலை செய்த ஒருவர், பர்மனென்ட் வேலைக்கான இன்டர்வியூவுக்குப் போகிற வழியில் தற்செயலாகக் குழந்தை முகத்தில் முழித்துவிட்டுப் போனார். வேலை பர்மனென்ட் ஆகிவிட்டது. அடுத்து ஒருவர் வேண்டுமென்றே வந்து முழித்தார். அவருக்கும் ஆகிவிட்டது. அப்புறம் கேட்பானேன். பூங்காவனத்தின் கண் கான்ட்ராக்ட் ஆட்களின் பொதுச்சொத்து ஆகிவிட்டது.

அஞ்சலை என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். அவள் முகம் சரியில்லை.

"நர்சம்மா, இவ தம்பிய மிதிச்சிட்டாளுங்க. கண்ணு முன்னாடிதான் பாயில போட்டிருந்தேன். இவளுக்கு வலது பக்கமா கெடந்திருந்தா பாத்துருப்பா. இவளுக்கு இடது பக்கமா அவன் கெடந்தான், அப்படியே கால வெச்சிட்டா. நல்ல வேள, கை மேலதான் பட்டுது. வேணும்னு செய்யலீங்க. அவளே பயந்துபூட்டா."

நான் பூங்காவனத்தை மடியில் வைத்துக்கொண்டு அவள் இடது கண்ணை உள்ளங்கையால் பொத்தினேன். அவள் பாட்டுக்குப் பிஸ்கட் தின்றாள். வலது கண்ணைப் பொத்தியதும் கத்திக்கொண்டு என் கையைத் தள்ளினாள். பிஸ்கட்டை மடியில் போட்டுவிட்டுத் தேடினாள், அது எங்கே என்று அவளுக்குத் தெரியவில்லை. அஞ்சலையும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு விளக்கமாகச் சொன்னார். அந்தக் கண் கெட்டுப்போகவில்லை. சாய்ந்த கண்ணிலிருந்து வரும் காட்சியை மூளை ஒதுக்கி வைத்திருக்கிறது. இந்த வயதில் பழக்கினால் பார்வை திரும்பும், வளர்ந்த பிறகு திரும்பாது. கண் ஸ்பெஷலிஸ்ட் ஒருவர் மாதத்தில் ஒரு காலை மெட்ராஸிலிருந்து கடலூருக்கு வந்து குழந்தைகளைப் பார்க்கிறார், அவரிடம் காட்டியே ஆகவேண்டும். நம் டாக்டரே பேசி முறை வாங்கித் தந்தார்.

கலியமூர்த்தி வரவில்லை. ஒரு மாதம் ஷிப்ட் என்றார். அடுத்த மாதம் பெரியப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்றார், அந்தப் பெரியப்பாவை மறுநாள் பண்ருட்டி சந்தையில் நானே பார்த்தேன். அதற்கடுத்த மாதத்தோடு ஸ்பெஷலிஸ்ட் மேல்படிப்புக்கு வெளிநாடு போகிறார், திரும்ப நாளாகும் என்று தகவல் வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போய் நின்று கேட்டபோது மனிதர் உண்மையைச் சொன்னார்.

"எனக்கு இன்டர்வியூ வந்துகினு இருக்குதுங்க. அது முடியட்டும், அப்புறம் நீங்க சொல்ற எடத்துக்கு வரேன். இப்ப போயி அந்தக் கண்ணத் தொட்டா, எனக்கு மட்டுமில்லீங்க, எங்கூட இருக்கறவனுங்களுக்கும் போயிடும். ஊரே என்னக் காறித் துப்பும்."

அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். மகளைத் தோளிலிருந்து இறக்காத மனிதர். தன் தலைமுறையில் முதல் ஆளாக மாதச் சம்பளத்தைத் தொடப் போகிறார், அதைக் கொண்டுவந்தது அந்தக் கண் என்று மனதார நம்பினார்.

அவரை வழிக்குக் கொண்டுவந்தது நான் இல்லை, அஞ்சலைதான். மறுநாள் காலையில் ஆண்கள் வரிசை கட்டியபோது அவள் குழந்தையை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டாள். "எம் பொண்ண டாக்டருகிட்ட இட்டுகினு போற வரைக்கும் யாருக்கும் மூஞ்சி கெடையாது" என்று உள்ளேயிருந்தே சொன்னாளாம். தட்டினார்கள், கெஞ்சினார்கள். அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். சில நாள் பார்த்துவிட்டுக் கலியமூர்த்தி என்னிடம் வந்து, "சும்மா காட்டிட்டு வந்துடலாங்க" என்றார். கைக்குழந்தையை விட்டு அஞ்சலை வர முடியாது. அதனால் அப்பா, மகள், நான் என்று மூன்று பேர் கடலூருக்குக் கிளம்புவதாக ஏற்பாடு.

குறிஞ்சிப்பாடி வழியாகப் போனால் கிட்டம். கலியமூர்த்தி வேட்டி மாற்றி, வெற்றிலை வாங்கி, மறந்துபோன துண்டை எடுக்கத் திரும்பிப் போய் அந்த பஸ்ஸைத் தவறவிட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்து வந்த பண்ருட்டி பஸ்ஸில் ஏற்றினேன். பண்ருட்டியில் கடலூர் பஸ் மாறினோம். ஸ்பெஷலிஸ்ட் மதியச் சாப்பாட்டோடு கிளம்பிவிடுவார். கணக்குப் பார்த்தால் போய்ச் சேர்ந்துவிடலாம் போலத்தான் இருந்தது.

அந்த பஸ்ஸில் கோவிந்தன் இருந்தார். கலியமூர்த்தியோடு ஒரே கேங்கில் வேலை செய்பவர், ஏதோ உறவு வீட்டு விசேஷத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். குழந்தையையும் என் வெள்ளைப் புடவையையும் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. சத்தம் போடாமல் மெதுவாகத்தான் பேசினார்.

"உன் பொண்ணு, உன் இஷ்டம் கலியா. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா வர்ற வெள்ளிக்கெழம எனக்கும் இன்டர்வியூ, உனக்கும் இன்டர்வியூ. ஒரு வாரம் பொறுக்கக் கூடாதா?"

கோவிந்தன் சத்தம் போட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். அவர் கேட்ட விதம் எனக்கே நியாயமாகப் பட்டது. மேல்பட்டாம்பாக்கத்தில் பஸ் நின்றது. கலியமூர்த்தி சட்டென்று எழுந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு, "நீங்க போங்க நர்சம்மா, நாங்க திரும்பிக்கிறோம்" என்று சொல்லி இறங்கிவிட்டார். நிம்மதியோ சங்கடமோ, கோவிந்தனும் பின்னாலேயே இறங்கினார்.

கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். என் நாக்கில் நல்ல நல்ல வார்த்தைகள் வரிசையாக வந்து நின்றன. ஜன்னலில் தலையை நீட்டி, "நீயெல்லாம் ஒரு தகப்பனா" என்று ஊர் கேட்கக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் பஸ்ஸில் இருந்த பாதிப் பேர் என் பக்கம் பேசியிருப்பார்கள், நானும் ஜெயித்த கையோடு ஆஸ்பத்திரிக்குத் திரும்பியிருப்பேன். குழந்தை கடலூர் போயிருக்காது. சிஸ்டரின் கேள்வி அந்த நேரம் பார்த்துத்தான் காதில் விழுந்தது. பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். பஸ் போய்விட்டது.

இறங்கிய பிறகு என்ன செய்வது என்று எனக்கு ஒன்றும் தெரியாது. இதை நீங்கள் நம்ப வேண்டும். திட்டம் எதுவும் என் கையில் இல்லை. அவர்கள் நிற்கிற இடத்தில் நானும் நின்றால் பேச்சாவது தொடரும் என்பது மட்டும்தான் தெரிந்தது.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு டீக்கடை, எதிர்ச்சாரியில் கூடையில் பலாச்சுளை விற்கிற அம்மாள். குழந்தை பலாச்சுளை கேட்டது. வாங்கிக் கொடுத்தேன். என்னையும் இறக்கிவிட்ட குற்ற உணர்ச்சியில் கலியமூர்த்தி டீ சொன்னார். குடித்தோம். ஏதாவது பேச வேண்டுமே என்று குழந்தையின் வலது கண்ணைப் பொத்தி, அவள் கையிலிருந்த சுளையை எடுத்து அவள் எதிரிலேயே நீட்டினேன். வீட்டில் செய்தது போலவே அழுதுகொண்டு காற்றைத் துழாவினாள்.

"பாத்தீங்களா? இந்தக் கண்ணுல பிள்ளைக்கு ஒண்ணும் தெரியல" என்றேன்.

கலியமூர்த்தி சிரித்தார். நிஜமாகவே சிரித்தார்.

"இதுக்கா இம்மாம் பாடு படறீங்க? எல்லாருக்கும் அப்படித்தானங்களே. கையில சோத்துக் கை ஒண்ணு, நொட்டாங்கை ஒண்ணு. கண்ணும் அதே மாரிதான். ஒண்ணு பாக்கும், ஒண்ணு சும்மா கூட இருக்கும்."

கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன். "உங்களுக்கும் அப்படியா?"

"எனக்கு நெனவு தெரிஞ்சதுலேருந்து அப்படித்தான்."

"வலது கண்ணை நல்லா பொத்திக்கிட்டு அந்த அம்மாவைப் பாருங்க. அவங்க என்ன விக்கிறாங்க?"

பொத்திக்கொண்டு பார்த்தார். "மஞ்சளா இன்னமோ தெரியுது."

"அவங்க கையில என்ன இருக்கு?"

"கையே தெரியலீங்க. அவ்ளோ தூரத்துல எப்படித் தெரியும்?"

தெரு அகலம்தான் தூரம். நான் என் வலது கண்ணை மூடினேன். "ஒரு கத்தி இருக்கு. அந்த அம்மா இடது கையில கண்ணாடி வளையல், கத்தியில பால் ஒட்டாம இருக்க எண்ணெய் தடவுறாங்க." பிறகு இடது கண்ணை மூடிக்கொண்டு அதையே திரும்பச் சொன்னேன்.

கலியமூர்த்தியின் சிரிப்பு அப்படியே நின்றது. என்னை நம்பாமல் கோவிந்தன் பக்கம் திரும்பினார். கோவிந்தன் ஏற்கனவே ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். அதை எடுத்துவிட்டு மற்றதைப் பொத்தினார். மறுபடி மாற்றினார்.

"கலியா," என்றார், "எனக்கு ரெண்டுலயும் தெரியுதுடா."

அதன் பிறகு நடந்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்துதான் வரும். கலியமூர்த்தி டீக்கடைக்குள் போனார். பெஞ்சில் இருந்த ஒவ்வொருவரையும் கும்பிட்டு வலது கண்ணை மூடச் சொன்னார். "அந்தம்மா கையில இன்னா இருக்குது சொல்லுங்க." கத்தி என்றார்கள். பால் வாங்க வந்த பையனைக் கேட்டார், கத்தி என்றான். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் ஆற்றிக்கொண்டே ஒரு கண்ணை மூடி, "கத்தி. ஏம்ப்பா, எதுனா தகராறா?" என்று கேட்டார். கடைசியில் தெருவைத் தாண்டிப் போய்ப் பலாச்சுளை விற்ற அம்மாளையே கேட்டார். அந்த அம்மாள் ஒரு கண்ணை மூடி எங்கள் எல்லாரையும் எண்ணிக் காட்டினாள்.

திரும்பி வந்து மகள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"சின்னதுல எல்லாரும் என்னத் திட்டுவாங்க. இடது பக்கம் தண்ணி வெச்சா தட்டி வுட்டுடுவேன். கவனமில்லாத பயன்னு அடிச்சிருக்காங்க. போன மாசம் மைன்ஸ்ல ஒரு லாரி ஒட்டிகினு போச்சே கோவிந்தா, நீ இழுத்தியே. அது வந்ததே எனக்குத் தெரியல. மனசு எங்கயோ இருந்துச்சுன்னுதான் நெனச்சேன்." மகளின் தலையில் கை வைத்து, "இவளையும் நான் அதே மாரித் திட்டியிருக்கேன்" என்றார்.

அவரே எழுந்தார். குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு, "அடுத்த பஸ் எப்பங்க?" என்று கடைக்காரரைக் கேட்டார். அதில் போனால் டாக்டர் கிளம்பிவிடுவார் என்று தெரிந்ததும் நடுரோட்டில் போய் நின்றுகொண்டார்.

நெல்லிக்குப்பத்துக்குக் கரும்பு ஏற்றிப் போன லாரி ஒன்றைக் கோவிந்தன் கெஞ்சி நிறுத்தினார். விசேஷ வீட்டை அவர் மறந்தே போய்விட்டார். நானும் குழந்தையும் டிரைவர் பக்கத்தில், அவர்கள் இருவரும் மேலே கரும்புக் கட்டில். ஏறுவதற்கு முன்னால் கலியமூர்த்தி டிரைவரிடமும் வலது கண்ணை மூடச் சொல்ல, "ஓட்டும்போது வேணாம்ப்பா" என்று அவர் சொல்லிவிட்டார். நெல்லிக்குப்பத்தில் இறங்கி ஓடிப்போய் ஒரு பஸ்ஸைப் பிடித்தோம். கடலூரில் இறங்கியபோது என் புடவை முழுக்கக் கரும்புச் சோகை. பூங்காவனம் ஒரு கரும்புத் துண்டைக் கடித்துக்கொண்டு, இதைவிட நல்ல நாள் தன் வாழ்க்கையில் வந்ததில்லை என்கிற முகத்தோடு இருந்தாள்.

ஸ்பெஷலிஸ்ட் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். வாசலில் இருந்த கம்பவுண்டர் முடிந்துவிட்டது என்று கையை விரித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் கலியமூர்த்தி கார் முன்னால் போய் நின்றார். ஒரு கையில் மகள். மறு கையால் தன் வலது கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"ஐயா, நீங்க எங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரியலீங்க. எனக்குப் போனது போவட்டும். எம் பொண்ணப் பாத்துட்டுப் போங்க."

காரில் இருந்தபடியே டாக்டர் குழந்தையின் கண்ணைப் பார்த்தார். கதவைத் திறந்து இறங்கினார். கழற்றி மடித்திருந்த கோட்டைத் திரும்பப் போட்டுக்கொண்டே உள்ளே நடந்தார். அந்த நிமிஷம் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை.

பொறுமையாகப் பார்த்தார். பிறகு கலியமூர்த்தியை எதிரில் உட்கார வைத்து நேரடியாகச் சொன்னார். "இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம். கண்ணாடி போடணும். அதோட இவளோட நல்ல கண்ணைத் தினமும் மூடி வைக்கணும். வேற வழியில்லேன்னா அந்தச் சோம்பேறிக் கண் வேலை செய்ய ஆரம்பிக்கும். குழந்தை அழும், பிடுங்கிப் போடும். நீங்க விடக் கூடாது. விடாம செஞ்சா பார்வை வரும்."

"கண்ணு நேராயிடுங்களா?"

"கண்ணாடி போட்டா பெரும்பாலும் நேராயிடும்."

கலியமூர்த்தி கோவிந்தனைப் பார்த்தார். இன்டர்வியூவுக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. கோவிந்தன் தலையைச் சொறிந்தார். "ஆவட்டும்" என்றார் கலியமூர்த்தி. கோவிந்தனும், "ஆவட்டும் போ" என்றார்.

அவருடைய கண்ணையும் டாக்டர் பார்த்தார். கண் சாயாமலேயே இப்படிப் பார்வை போவதும் உண்டு, ஆனால் வயது தாண்டிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். கலியமூர்த்தி அதற்குத் தலையாட்டிவிட்டு, குழந்தைக்கு எந்த நேரத்தில் கண்ணை மூட வேண்டும் என்று மறுபடி கேட்டுக்கொண்டார்.

நல்ல கண்ணை மூடுவது என்பது சொல்வதற்குச் சுலபம். முதல் வாரம் பூங்காவனம் வீட்டைத் தலைகீழாக்கினாள். பிளாஸ்திரியைப் பிய்த்துக் கிணற்றில் போட்டாள். கண்ணாடியைக் கயிறு கட்டித் தலையோடு மாட்டிவிட்டால் தெருப் பிள்ளைகள் சோடாபுட்டி என்று கூப்பிட்டார்கள். அஞ்சலை ஒருத்தியால் முடியாது. எனக்கு அந்தத் தெருவே சொந்த வீடு மாதிரி ஆகிவிட்டது.

அப்போது கைகொடுத்தது யார் தெரியுமா? அந்த வரிசைதான். கோவிந்தன் கேங்கில் எல்லாரிடமும் நடந்ததைச் சொல்லியிருந்தார். அவர்கள் பழக்கத்தை விடாமல் ஷிப்டுக்குப் போகும் வழியில் வந்து குழந்தை முன்னால் குனிந்தார்கள். இப்போது பார்த்தது பிளாஸ்திரி இருக்கிறதா என்று. காலை ஷிப்ட் போனால் மதிய ஷிப்ட் வரும். பிய்த்துப் போட்டுவிட்டு ஒளியக்கூட அவளுக்கு நேரம் இல்லை. ஒருவர் சோளத்தைக் கொண்டுவந்து கொட்டிப் பொறுக்கச் சொன்னார், ஒருவர் கூழாங்கல் கொண்டுவந்து எண்ணச் சொன்னார். சோம்பேறிக் கண்ணுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று நான் ஒருமுறை சொன்னதை வேலை வாங்கத் தெரிந்தவர்கள் அப்படியே பிடித்துக்கொண்டார்கள். நான் ஆயிரம் தடவை சாமியாட்டம் ஆடியிருந்தாலும் அவர்கள் ராசி நம்பிக்கையை விட்டிருக்க மாட்டார்கள். நானும் விடச் சொல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை இன்டர்வியூவுக்குப் போனவர்களும் பிளாஸ்திரி ஒட்டிய முகத்தில்தான் முழித்துவிட்டுப் போனார்கள். மெடிக்கலில் கண்ணைச் சோதிப்பார்கள் என்று கலியமூர்த்தி பயந்துபோய் என்னிடம் வந்தார். கண்டுபிடித்து அவர்கள் சொல்வதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள் என்றேன். சொன்னார். இயந்திரத்துக்கும் லாரிக்கும் பக்கத்தில் போட முடியாது என்று அவரைத் தோட்டப் பிரிவுக்கு எழுதினார்கள். ஆர்டர் வர மாதங்கள் ஆயின, ஆனால் வந்தது, பர்மனென்டாகவே வந்தது. கோவிந்தனுக்கும் வந்தது. உடனே வடக்குத்தில் கண்ணாடி போட்ட முகத்துக்குத்தான் ராசி ஜாஸ்தி என்று பேச்சு கிளம்பியது. நான் தலையில் அடித்துக்கொண்டேன், சந்தோஷமாகத்தான்.

அதனால் உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். உங்களுக்குத் தெரிந்தது சரியாகவே இருக்கும். இருந்தாலும் எதிரில் இருப்பவர் பாதி வழியில் இறங்கினால் நீங்களும் இறங்குங்கள். ஏன் இறங்கினார் என்று அவருக்கே முழுசாகத் தெரியாமல் இருக்கலாம். தன் கண் தெரியவில்லை என்பதே தெரியாமல் ஒரு மனிதர் இருபத்தைந்து முப்பது வயசு வரை வாழ்ந்திருக்கிறார். பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டே நான் அதைத் தெரிந்துகொண்டிருக்க முடியாது.

இன்னும் ஒன்றைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். கலியமூர்த்திக்கு ஆர்டர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு சாயங்காலம் அஞ்சலையோடும் குழந்தையோடும் மைன்ஸிலிருந்து வரும் ரோட்டில் நின்றிருந்தேன். பூங்காவனத்தின் வலது கண் மூடியிருந்தது. கண்ணாடிக்குள் இடது கண் நேராக இருந்தது. ஷிப்ட் முடிந்து ஆட்கள் கூட்டமாக வந்தார்கள். தலை முதல் கால் வரை செம்மண்ணும் கரித்தூளும், எல்லாருக்கும் ஒரே நிறம், ஒரே துண்டு. எனக்கு யார் யாரென்று தெரியவில்லை. அஞ்சலை கண்ணைச் சுருக்கிக்கொண்டு தேடினாள்.

"அதோ அப்பா" என்றாள் பூங்காவனம். "கோயிந்தன் மாமாகிட்ட துண்டு குடுக்குது."

நாங்கள் பார்த்தோம். வெகு தூரத்தில் ஒருவர் இன்னொருவரிடம் துண்டை நீட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வர வர அது கலியமூர்த்தி ஆனது. அஞ்சலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் பெருமையில் நெஞ்சு விம்மி நின்றேன். இத்தனை வருஷ வேலையில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு மறுபடி வந்ததில்லை.

அஞ்சலை சொன்னதைக் கேட்டுவிட்டுக் கலியமூர்த்தி ரோட்டோரம் மகள் முன்னால் குந்தி உட்கார்ந்தார். மண் பூசிய கையால் தன் வலது கண்ணைப் பொத்திக்கொண்டார். இருவருக்கும் நல்ல கண் மூடியிருந்தது. அப்படியே அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எனக்கு நீ செவப்பா ஒரு பாவாட மாரிதான் தெரியுற" என்றார். "நான் உனக்கு எப்படித் தெரியறன்?"

அவள் நன்றாக உற்றுப் பார்த்தாள்.

"மூக்குல மண்ணு இருக்குது" என்று சொல்லி, தட்டுத் தடுமாறாமல் விரலை நீட்டித் துடைத்துவிட்டாள்.